மூன்று நாள் சோறு

பதுளைக் கடைவீதிக்குப் பின்னால் இருக்கிற எங்கள் சந்தில் ஸுபைரா மாமியைத் தெரியாத வீடு கிடையாது. பெருநாள் அன்று அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்த வீடும் கிடையாது. அவள் செய்த வேலை அப்படி. பெண் யாராவது மவுத்தாகிவிட்டால், மையத்தை, அந்த உயிர் போன உடலை, குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிக் கொடுக்கிறவள் அவள்தான். அவள் வாசலில் நின்றாலே எங்கள் பெண்கள் "யா அல்லாஹ், யாருக்கு?" என்பார்கள். இடியப்பத்துக்கு மாவு கேட்க வந்திருப்பாள் பாவம்.

நெட்டையான, எலும்பு தெரிகிற உடம்பு. வெற்றிலை போட்டுக் கறுத்த பல். புருஷன் துணி மூட்டையைத் தோளில் சுமந்து தேயிலைத் தோட்டம் தோட்டமாய், கூலியாட்கள் குடியிருக்கிற லயங்களில் விற்றவர். பெரகல இறக்கத்தில் மாட்டுவண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் பொழுது சாயாமல் தெருவில் கால் வைக்கமாட்டார்கள். ஸுபைரா மாமி மட்டும் உச்சி வெயிலில் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் நடுவே நடப்பாள். மவுத்து பொழுது பார்த்தா வருகிறது? அதனால் ஊர் அவளைப் பொறுத்துக்கொண்டது.

அவள் வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. மையத்தில் கண்டதை வெளியே சொல்லக்கூடாது. உடம்பில் தழும்பு இருக்கலாம், புருஷன் அடித்த கன்றல் இருக்கலாம், ஊருக்குத் தெரியாத வயிறு இருக்கலாம். கண்டவள் அதைத் தன்னோடு கபுறுக் குழிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் பெண்கள் தங்கள் உம்மாவையும் மகளையும் அவள் கையில் விட்டார்கள். இருபது வருஷம் அவள் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்ததில்லை. அப்படிப்பட்டவள் வாயைத் திறந்த கதையைத்தான் எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினைந்தாம் வருஷம். ஐரோப்பாவில் பெரிய யுத்தம் நடக்கிறது என்று கடையில் பேசிக்கொள்வார்கள். எங்களுக்கு யுத்தமாக வந்தது கண்டிப் பக்கத்துக் கலவரம். சிங்களக் கும்பல்கள் எங்கள் ஆட்களின் கடைகளை எரித்தன, ஆட்களை வெட்டின. எங்கள் பக்கம் பயம் மட்டுந்தான் வந்தது, பிறகு மனிதர்கள் வந்தார்கள். அந்தக் காலத்தில் ரயில் பண்டாரவளையோடு சரி. அங்கே இறங்கி, குளிரில் விறைத்த பிள்ளைகளோடு மாட்டுவண்டியில் பதுளைக்கு வந்து சேர்ந்தார்கள். பாதிப் பேர் காலில் செருப்பில்லை.

அவர்களில் ஒருத்தி ஹம்ஸியா உம்மா. அவள் புருஷன் இத்ரூஸ் பெரிய புடவைக்கடைக்காரர். கடையைக் காக்கப் போனவரை வாசலிலேயே கொன்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டு முதியான்சே என்கிற சிங்கள வண்டிக்காரர், வைக்கோலுக்கு அடியில் தாயையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் படுக்கவைத்து ரயிலடியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அந்த மனுஷனுக்கு அல்லாஹ் நல்ல கூலி கொடுக்கட்டும். மூத்தவள் றஷீதா, சமைந்த பிள்ளை. இளையவள் றமீலாவுக்கு எட்டு வயது. பலீல் என்ற தூரத்து உறவுக்காரர் எங்கள் சந்தில் ஒரு பழைய வீட்டையும் ஒரு மூட்டை அரிசியையும் கொடுத்துவிட்டு, வியாபாரம் என்று கொழும்புக்குப் போனவர் போனவர்தான்.

புருஷனை இழந்தவள் இத்தா இருக்க வேண்டும். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. ஹம்ஸியா உம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். சமைந்த பெண்ணை வெளியே அனுப்ப முடியாது. இளையவளைத் தாய் கையைவிட்டு விடுவதே இல்லை. வைக்கோலுக்கு அடியில் பிடித்த கையல்லவா.

இனி எங்கள் ஊர்ப் பெரியவர்களின் புண்ணியத்தைச் சொல்கிறேன். பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கிற மத்திச்சம் ஸரூக் ஹாஜியாரும், தேங்காய் வியாபாரியான என் வாப்பா ஸமீமும் முன்னின்று, வந்தவர்களுக்கெல்லாம் பள்ளிவாசல் வாசலில் அண்டா வைத்தார்கள். பையன்களை ஓதவும் சேர்த்துக்கொண்டார்கள். நோன்பு பிறந்ததும் தினம் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சி, அதோடு அரிசி. "பாத்திரத்தோட வந்த ஒருத்தனையும் இல்லண்டு அனுப்பினதில்ல" என்று வாப்பா கடைசிவரை மார்தட்டினார். உண்மைதான். பாத்திரத்தோடு வந்தவனைத்தான். பள்ளிவாசல் வாசலுக்குப் பெண்கள் வருவதில்லை. ஆண் இல்லாத வீட்டிலிருந்து பாத்திரம் எப்படி வரும்? அந்த நல்ல மனிதர்கள் ஒருவர் மண்டையிலும் இது உதிக்கவில்லை. ஒவ்வொருவரும் வேறு யாரோ கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தார்கள்.

நோன்பு மாதம் வேறு. பகலில் அடுப்புப் புகையாத வீட்டை யார் கவனிப்பார்கள்? ஊரே பட்டினி கிடக்கும்போது அந்த வீட்டுப் பட்டினி எங்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் நோன்பு வைத்தார்கள், திறக்கத்தான் ஒன்றும் இல்லை. பலீலின் மூட்டை தீரத் தீர மூத்தவள் தன் பங்கைத் தங்கைக்குத் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்திருக்கிறாள்.

றஷீதா ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் என்று சொன்னார்கள். ஊரும் காய்ச்சல் என்றே எடுத்துக்கொண்டது, பதுளையில் காய்ச்சலுக்கா பஞ்சம்? ஸுபைரா மாமி போனாள். கதவைச் சாத்தி, இலந்தை இலை போட்ட தண்ணீரை ஊற்றியவள் கை அப்படியே நின்றுவிட்டதாம். இதை எனக்குச் சொன்னது ஹம்ஸியா உம்மாவே, வெகுகாலம் கழித்து.

"மகள், இந்தப் புள்ளக்கி எத்தன நாளாச் சோறு இல்ல?"

ஹம்ஸியா உம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "மாமி, கண்டத வெளிய சொல்லிடாதீங்க. இவள்ட வாப்பா கந்தூரிக்கு ஊருக்கே சோறு போட்ட மனுஷன். அவர்ட மகள் பசியில மவுத்தானாண்டு ஒரு வாயாலயும் வரக்கூடாது. அது மட்டும் எனக்குத் தாங்காது."

"என்ட வாயால வராது" என்றாள் ஸுபைரா மாமி. சட்டம் அதுதான். முடியைப் பின்னி, கற்பூரம் வைத்து, துணியைச் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மவுத்தான வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டக்கூடாது. சொந்தமும் அக்கம்பக்கமும் சோறு அனுப்ப வேண்டும். இது எங்கள் வழக்கம். இதற்கு மட்டும் எங்கள் சந்து குறை வைக்காது. நோன்பு திறக்கிற நேரத்துக்குத் தட்டுத் தட்டாய் நெய்ச்சோறு, பொரித்த இறைச்சி, வட்டிலப்பம்! என் உம்மாவும் அனுப்பினாள். மரியாதைச் சோறு அது, பிச்சை இல்லை. ஹம்ஸியா உம்மா வாங்கிக்கொண்டாள். றமீலா மூன்று நாளும் வயிறு நிறையச் சாப்பிட்டாள். நாலாம் நாள் ஒரு தட்டும் வரவில்லை. வழக்கம் முடிந்துவிட்டதே.

நாலாம் நாள் ஸுபைரா மாமி நோன்பு திறக்கத் தனக்குக் காய்ச்சிய கஞ்சியை முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போனாள். ஹம்ஸியா உம்மா பார்த்தாள். "இது என்ன, சதகாவா, தர்மச் சோறா? எங்களுக்கு வேணாம், மாமி. சதகா குடுத்த கையி இது" என்று திருப்பிவிட்டாள். திமிர் என்று சொல்வீர்கள். எல்லாம் போன பிறகு அந்த ஒன்றுதான் அவளிடம் மிச்சம் இருந்தது. அதையும் பிடுங்கினால் அவளுக்கு என்ன இருக்கிறது?

ஸுபைரா மாமி படியிறங்கும்போது றமீலா கதவிடுக்கில் தலையை நீட்டினாள். ரகசியமாய்க் கேட்டாளாம்.

"மாமி, ராத்தா மவுத்தானதுக்கு மூணு நாள் சோறு வந்திச்சி. இனி யாரு மவுத்தானா வரும்? உம்மாவா, நானா?"

ஸுபைரா மாமி வீட்டுக்குப் போகவில்லை. குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, அஸர் தொழுது ஆண்கள் வெளியே வருகிற நேரம் பார்த்து நேரே பள்ளிவாசல் வாசலுக்குப் போய் அண்டாவுக்கு முன்னால் நின்றாள். என் வாப்பா அகப்பையோடு நின்றிருந்தார்.

"றஷீதாவுக்குக் காய்ச்சல் இல்ல. நான் குளிப்பாட்டினவ சொல்றேன். அந்தப் புள்ளட வயிறு முதுகோட ஒட்டியிருந்திச்சி. பசியில மவுத்தானா. இந்த அண்டாவுக்குக் கூப்பிடு தூரத்துல மவுத்தானா!"

ஸரூக் ஹாஜியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஸுபைரா! மையத்துட ரகசியத்த நடுத்தெருவுல சொல்றியா? நோன்பு வாயோட வார பேச்சா இது?"

"ரகசியத்தக் காத்தா அடுத்தவளயும் நான்தான் குளிப்பாட்டணும், ஹாஜியார். எட்டு வயசு. குளிப்பாட்டிட்டு வாய மூடிக்கிறேன். அப்பிடியே இரு எண்டு நீங்க சொல்லுங்க, இருக்கிறேன்."

ஹாஜியார் வீடு வீடாய் ஆள் அனுப்பினார். அன்றைக்கே தேடிப் பார்த்ததில் ஆண் இல்லாத இன்னும் சில வீடுகள் அதே நிலையில் கிடந்தன. ஒரு வீட்டில் பலாக்கொட்டைத் தோலை அவித்து வைத்திருந்தார்கள். வாப்பா வீட்டுக்கு வந்து நோன்பு திறக்காமல் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கேட்டிருந்தா குடுத்திருப்பமே" என்றார். "கேக்க யாரு வருவா?" என்றாள் உம்மா, குசினி அடுப்படியிலிருந்து. என் உம்மா வாப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மறுநாளிலிருந்து பெண்கள் கையில் சோறு அனுப்பினார்கள். மற்ற வீடுகள் வாங்கிக்கொண்டன. ஹம்ஸியா உம்மா கதவைத் திறக்கவில்லை. ஸுபைரா மாமி போய்த் தட்டினபோது உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"என்ட மகள ரெண்டு தரம் உரிஞ்சிட்டீங்க. மொத தரம் கதவச் சாத்திக்கிட்டு. ரெண்டாந் தரம் ஆம்பிளைங்க கூட்டத்துல. வாக்குக் குடுத்திட்டுச் செஞ்சீங்களே! இனி ஒங்கட முகத்துல முழிக்கமாட்டேன்."

ஸுபைரா மாமி நின்று வாதாடாமல் திரும்பினாள். அவளுக்கு அதைவிட அவசர வேலை இருந்தது, அந்தக் கதவைத் திறக்கவைக்க வேண்டும். மறுநாள் பெருநாள். அன்றைக்கே வீடு வீடாய் ஏறினாள். எங்கள் வீட்டுக்கும் வந்தாள்.

"ஹம்ஸியாக்கு குர்ஆன் ஓதத் தெரியும், அரபு எழுத்துல எழுதுற அரபுத்தமிழ் தெரியும், தமிழ் எழுத்தும் தெரியும். அவ வெளிய வர ஏலாது, புள்ளைகள் உள்ள போகலாம்தானே? ஒங்கட மகள அனுப்புங்க. கையில ஒரு பிடி அரிசி குடுத்து அனுப்புங்க. ஓதிக்குடுக்கிறவளுக்கு அது ஹக்கு, உரிய கூலி, சதகா இல்ல. நான் சொன்னேண்டு மட்டும் சொல்லிடாதீங்க."

பெருநாள் முடிந்ததும் நாங்கள் நாலைந்து பெண்பிள்ளைகள் முக்காடு போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு பிடி அரிசியோடு அந்தக் கதவைத் தட்டினோம். "ஓத வந்திருக்கிறோம் உம்மா" என்றோம். கதவு திறந்தது. ஓலைப்பெட்டியில் எங்கள் அரிசி விழுந்தபோது ஹம்ஸியா உம்மா அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தட்டில் மணலைப் பரப்பி "அலிப்" என்று விரலால் ஒரு கோடு இழுத்தாள். பெண்பிள்ளைக்கு எழுதத் தெரிந்தால் கடுதாசி எழுதிக்கொண்டு எவனோடாவது ஓடிவிடுவாள் என்று ஊர் நம்பின காலம். அவள் எங்களுக்கு எழுதவும் சொல்லிக்கொடுத்தாள். ஓடிப்போகாமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஓடிவந்த குடும்பங்களின் பெண்பிள்ளைகளும் வந்தார்கள். பலருக்குக் கொண்டுவர அரிசி இல்லை. வெறுங்கையோடு வந்தால் கூசுமே. அதனால் சந்து முனையில் ஸுபைரா மாமி தினம் நிற்பாள். வெறுங்கையோடு வருகிற பிள்ளையின் கையை விரித்து ஒரு பிடி வைத்து மூடி, "போ, ஓது" என்று முதுகில் தட்டி அனுப்புவாள். அந்த அரிசி எங்கிருந்து வந்தது என்று ஹம்ஸியா உம்மாவுக்குத் தெரியாதா? நன்றாய்த் தெரியும். வாங்கிப் பெட்டியில் போட்டாள், ஆனால் ஸுபைரா மாமியின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு வீட்டுக்கும் இடையில் நடந்தால் நூறு எட்டு இருக்காது. அப்படியே வருஷங்கள் போயின. வைராக்கியம் என்றால் அப்படி ஒரு வைராக்கியம்!

பள்ளிவாசல் வாசலில் பேசின பிறகு மையம் குளிப்பாட்ட ஸுபைரா மாமியை யாரும் கூப்பிடவில்லை. நம் வீட்டு மையத்தில் எதைக் கண்டு எங்கே போய்க் கத்துவாளோ என்று பயம். வெலிமடையிலிருந்து வேறொருத்தியைக் கொண்டுவந்தார்கள். ஸுபைரா மாமி வீடு வீடாய் மா இடித்தாள். கூலியாய்க் கிடைத்த அரிசியில் பாதி சந்து முனைக்குப் போனது.

யுத்தம் முடிந்தது என்று கொடி ஏற்றினார்கள். எங்களுக்கு அதற்குப் பிறகுதான் வந்தது வினை. முதலில் விஷக்காய்ச்சல், லயம் லயமாய் வாரிக்கொண்டு போனது. பூனாகலைத் தோட்டத்தில் தாயும் தகப்பனும் ஒரே கிழமையில் போய், ஜெயலெட்சுமி என்ற பிள்ளை டவுனுக்குப் பாத்திரம் தேய்க்க வந்தாள். சந்து முனையில் நின்று வேடிக்கை பார்த்தவளின் கையையும் ஸுபைரா மாமி விரித்து அரிசியை வைத்தாள். "நான் சாமி கும்புடுற புள்ளங்க" என்று அவள் பயந்தாள். "அனா ஆவன்னாவுக்கு எந்தச் சாமிடி? போ உள்ள" என்றாள் மாமி. ஹம்ஸியா உம்மா அவளுக்கும் மணல் தட்டைக் கொடுத்தாள்.

பிறகு அரிசிப் பஞ்சம். கப்பல் வரவில்லை. வந்த அரிசியைத் தோட்டத்துத் துரைமார் தங்கள் ஆட்களுக்கென்று அள்ளிக்கொண்டார்கள். டவுன் கடைகளில் பலகையைச் சாத்திவிட்டார்கள். என் வாப்பா எங்களுக்கு எப்படியோ கொண்டுவந்தார். இடிக்க அரிசியே இல்லாதபோது மா இடிக்கிறவளை யார் கூப்பிடுவார்கள்? நாங்கள் கொண்டுபோன அரிசிப் பிடியும் குரக்கன் தானியமாக மாறிச் சிறுத்தது. ஆனால் வெறுங்கைப் பிள்ளைகளின் கையில் மட்டும் ஏதோ ஒன்று விழுந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் அரிசி, இல்லாவிட்டால் காய்ந்த மரவள்ளித் துண்டு. எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. வேறு யாரோ கொடுத்திருப்பார்கள் என்று மறுபடியும் நினைத்துக்கொண்டோம். பட்டும் புத்தி வராத ஊர்.

ஒருநாள் சந்து முனையில் மாமி இல்லை. ஜெயலெட்சுமிதான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். மாமி பாயில் சுவர்ப் பக்கம் திரும்பி மவுத்தாகிக் கிடந்திருக்கிறாள். தலைமாட்டில் ஒரு துணி முடிச்சு, அதில் இரண்டு பிடி அரிசி, மறுநாளைக்கு. பானையில் ஒன்றும் இல்லை.

விஷக்காய்ச்சல்தான் என்று ஆண்கள் தீர்மானித்துவிட்டார்கள். வெலிமடைக்காரி படுக்கையில். குளிப்பாட்ட ஆள் இல்லாமல், இருபது வருஷம் ஊரையே குளிப்பாட்டினவள் பகல் பூராவும் கிடந்தாள். என் உம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனாள். எப்படிச் செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போது ஹம்ஸியா உம்மா வந்தாள். இத்தா முடிந்தும் வருஷக்கணக்காய் வாசல் தாண்டாதவள், பட்டப்பகலில், றமீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் நடுவே நடந்து வந்தாள். திரையைக் கட்டச் சொன்னாள், தண்ணீர் கேட்டாள். "ஊத்து மகள்" என்று றமீலாவிடம் செம்பைக் கொடுத்தாள். துணியை விலக்கினதும் அவள் கை நின்றது. நானும் பார்த்தேன். அந்த உடம்பில் எலும்பைத் தவிர ஒன்றும் இல்லை.

"ராத்தாட மாதிரியே இருக்கு, உம்மா" என்றாள் றமீலா. ஹம்ஸியா உம்மா அந்த வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். "நாலு வருஷம் ஒங்கட முகத்தப் பாக்காம இருந்திட்டேனே மாமி, நான் பாவி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அழுதுகொண்டே குளிப்பாட்டினாள், அழுதுகொண்டே முடியைப் பின்னினாள்.

முடித்தபோது அஸர் ஆகிவிட்டது. வாசலில் மையத்தைத் தூக்கிப்போகிற சந்தூக்கோடு ஆண்கள் நின்றிருந்தார்கள். வழக்கம் தவறக்கூடாது என்று என் வாப்பா ஆள் தலையில் சோற்றுத் தட்டையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பஞ்சத்திலும் நெய்ச்சோறு! ஸரூக் ஹாஜியார் தொண்டையைச் செருமி, "காய்ச்சல்ல போனவ, சுறுக்கா அடக்கிரணும்" என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து ஹம்ஸியா உம்மாவின் குரல் எழுந்தது. எங்கள் ஊரில் ஆண்கள் கேட்கும்படி ஒரு பெண் அவ்வளவு உரக்கப் பேசினது அது இரண்டாம் தடவை.

"காய்ச்சல் இல்ல, ஹாஜியார். குளிப்பாட்டினவ நான் சொல்றேன். வயிறு முதுகோட ஒட்டியிருக்கு. இவ பசியில மவுத்தானா. என்ட மகள் றஷீதாவும் பசியிலதான் மவுத்தானா. எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க."

வாப்பாவின் ஆள் தட்டை வாசலில் இறக்கக் குனிந்தான்.

"அந்தச் சோத்த இங்க வைக்காதீங்க. இந்த வூட்டுல திங்க ஆள் இல்ல. ஓதுற புள்ளைகள் முனையில நிக்கிதுகள், அதுகளுக்குக் குடுங்க. நாளைக்கும் குடுங்க. மூணு நாளோட நிப்பாட்டாதீங்க. இனிமே சோத்த மவுத்துக்கு முந்தி அனுப்புங்க."

வாப்பா ஆளின் தலையிலிருந்த தட்டைத் தானே இறக்கினார். அதைத் தூக்கிக்கொண்டு சந்து முனைக்கு நடந்தார். அங்கே ஜெயலெட்சுமி வெறுங்கையோடு நின்றிருந்தாள்.